டீசலின் வேண்டுதல்

இந்த வாரம் வேறு ஒன்றை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

திண்டிவனத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு மாதா கெபி, அதாவது சின்ன மாதா கோயில், இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் மாதா, சுற்றிலும் சொரசொரப்பான சிமென்ட் தரை. அந்தத் தரையில் ஒரு செவலை நாய், முன்னங்கால்களை ஊன்றி, பின்னங்கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு, புட்டத்தைத் தரையில் தேய்த்தபடியே நகர்ந்து கொண்டிருந்தது. பைக்கில் வந்த இரண்டு இளவட்டங்கள் வண்டியை நிறுத்திவிட்டு செல்போனில் படம் பிடித்துக் கொண்டிருந்தார்கள்.

"மச்சான், பிரேக் புடிக்காத வண்டிடா இது!"

"பாட்டு போட்டு ரீல்ஸ் உட்டா பிச்சிக்கும்டா..."

நீங்களும் பார்த்திருப்பீர்கள், நாய்கள் இப்படித் தேய்த்துக்கொண்டு போவதை. சிரிப்பாகத்தான் இருக்கும் — நாயின் முகத்தைப் பார்க்காதவரை.

அப்போதுதான் மேரி அக்கா வீட்டிலிருந்து ஓடி வந்தார். காலில் செருப்பில்லை. கையில் அரிசி களைந்த ஈரம்.

அவர் அந்தப் பையன்களிடம் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்களுக்கு டீசலின் கதை தெரிய வேண்டும்.

டீசல் — அந்த நாயின் பெயர். வைத்தவர் மேரி அக்காவின் கணவர் சூசை அண்ணன். மேரி, சூசை... மாதாவும் அவர் கணவரும் மாதிரி, பெயரிலேயே பொருத்தம் பார்த்துக் கட்டி வைத்த ஜோடி. அண்ணன் திண்டிவனம் – விழுப்புரம் தனியார் பஸ்ஸில் டிரைவர். டீசல் போடப் போன இடத்தில் டயருக்கடியில் சுருண்டு கிடந்த குட்டியை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வந்தார். அன்று முதல் அது அவர் வீட்டுப் பிள்ளை. காலையில் அண்ணன் கிளம்பும்போது தெருமுனை வரை போய் வழியனுப்பும். சாயங்காலம் காக்கிச் சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடும்.

அந்த மனிதருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நேராக ஐசியூ.

அக்கா தினமும் பஸ் ஏறிப் போவார். கணவர் ஓட்டிய அதே தடம், வேறு யாரோ டிரைவர். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

அந்த நாட்களில்தான் டீசல் கெபியைச் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தது.

முதலில் பார்த்தது எதிர்வீட்டு செல்வி. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "எக்கோவ், இங்க வந்து பாருங்களேன்! ஒங்க டீசல் அங்கப்பிரதட்சணம் பண்ணுது!"

சும்மா தமாஷுக்குத்தான் சொன்னாள். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அப்படியே நின்று பார்த்துக் கொண்டிருந்தார். "வேளாங்கண்ணியில நாம மணல்ல முட்டி போட்டுக்கினு போவோமே செல்வி... அந்த மாதிரி போவுது பாரு. அவருக்காக வேண்டிக்குது."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அண்ணனை ஐசியூவிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தெருவே நம்பிவிட்டது. முழுசாக நம்பாதவர்களும் வாயைத் திறக்கவில்லை. போகிற வருகிறவர்கள் டீசலுக்கு பிஸ்கட் போட்டார்கள். ஜெபத்துக்கு வந்தவர்கள் பாலில் நனைத்த பன் வைத்தார்கள். செல்வி வீட்டில் கேசரி செய்தால் அதற்கும் ஒரு கரண்டி. அண்ணனின் சட்டை வாசனை இல்லாமல் ஏங்கிப்போயிருந்த நாய், கொடுத்ததை எல்லாம் தின்றது. தின்றுவிட்டுத் தேய்த்தது.

எனக்கும் முதலில் தோன்றியது ஒன்றுதான் — வயிற்றில் பூச்சி. நம் ஊரில் நாய் தேய்த்தால் பூச்சி, இருமினால் முள்ளு, சாப்பிடாவிட்டால் திருஷ்டி. பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். தேய்ப்பது நிற்கவில்லை. வாலைத் தூக்கி நக்கிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. கிட்டே போனால் அழுகின மீன் நாற்றம்.

"அக்கா, இதை ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பையில் வைத்திருக்கிற கடைசிச் சோற்றுப் பொட்டலத்தைக் கேட்டவனைப் பார்க்கிற மாதிரி. "வேணாம் தம்பி. அண்ணன் ஊட்டுக்கு வரட்டும். நடுவுல நிறுத்தினா அவருக்கு எதுனா ஆயிடும்."



அந்த வாரம் அக்காவோடு நானும் விழுப்புரம் போனேன். பார்வையாளர் நேரம். அண்ணன் பாதியாகி இருந்தார். மூக்கில் ஆக்சிஜன். அக்கா அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே ஆசையாகச் சொன்னார். "ஏங்க, நம்ம டீசல் ஒங்களுக்காக கெபிய சுத்திச் சுத்தி வருதுங்க. ஒக்காந்தபடியே இழுத்துக்கினு, இழுத்துக்கினு... பாக்கிற சனமெல்லாம் அழுவுது."

அண்ணன் மூக்குக் குழாயை ஒதுக்கிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அதுக்கு இன்னா வேண்டுதல்? பூசை மணி அடிச்சா ஊளை உடும். அவ்ளோதான் அதோட பக்தி" என்றார். பிறகு என்னைக் கேட்டார். "ஒருக்களிச்சி ஒக்காருதா?"

தலையாட்டினேன்.

"பஸ்ஸுல எத்தினி பேர பாத்திருக்கேன். சீட்டுல பட்டும் படாம ஒக்காருவானுங்க. கண்ணாடியில பாத்தே கேட்டுருவேன், இன்னா பெரிசு, மூலமான்னு..." மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் கையைப் பிடித்தார். "அதுக்கு வலிக்குது மேரி. எனக்கு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரில படுக்க வெச்சிருக்க. அத்த மட்டும் தெருவுல உட்டுட்டியா?"

"நிறுத்திட்டா ஒங்களுக்கு..." அக்காவால் முடிக்க முடியவில்லை.

"எனக்கு ஆவறது ஆவும். நீ போனதும் ஜல்தியா காட்டு."

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். மயிலம் தாண்டிய பிறகு ஒரு வார்த்தை சொன்னார். "ஒரு ஆட்டோ சொல்லிடு தம்பி."

கால்நடை டாக்டர் சின்னப் பெண். கையுறை போட்டு, வாலைத் தூக்கிப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். டீசல் கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு பை இருக்குங்க. நாய்ங்க ஒண்ண ஒண்ணு மோந்து பாக்குதுங்களே... அந்த வாடை இதுலேர்ந்துதான் வருது. அதுங்களுக்கு அது அட்ரஸ் மாதிரி. மலம் கெட்டியா போச்சுன்னா அந்த அழுத்தத்துலயே பை காலியாயிடும். இளகலா போனா காலியாவாது. தேங்கி, அடைச்சி, சீழ் வெச்சிடும். அந்த அரிப்பும் வலியும் தாங்காமத்தான் தேய்க்கும். வீட்ல டைல்ஸா?"

"ஆமாம்மா."

"வழுக்குமில்ல? அதான் சொரசொரப்பா எடம் தேடிப் போயிருக்கு. சரி, சாப்பாடு இன்னா குடுக்கறீங்க?"

அக்கா மெதுவாகச் சொன்னார். "பிஸ்கட்டு... பாலு, பன்னு... தெருவுல எல்லாரும் போடுவாங்க."

"எல்லாத்தையும் நிறுத்துங்க. வயித்தக் கெடுத்ததே அதுதான்."

யோசித்துப் பாருங்கள். வலியில் தேய்த்தது. நாம் பக்தி என்று நினைத்து பிஸ்கட் போட்டோம். அந்த பிஸ்கட்டே வலியை வளர்த்தது. வலி கூடக் கூட பக்தி கூடியதாகத் தெரிந்தது. பிஸ்கட்டும் கூடியது... இதில் கெட்டவர்கள் யார்? ஒருத்தரும் இல்லை. அதுதான் வேதனை.

கீறி, சீழ் எடுத்து, மருந்து கொடுத்தார்கள். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு. "இன்னாடா, மைக் செட்டு மாட்டிக்கினியா?" என்றாள் செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. புண் ஆறியது. டீசல் தேய்ப்பதை விட்டது. கெபியைச் சுற்றி சிமென்ட் தரை வெறுமனே கிடந்தது.

அண்ணனுக்கு போனில் சொன்னோம். "நேரா ஒக்காருதா?" என்று கேட்டார். ஒக்காருது என்றோம். "ம்..." என்றார். அந்த "ம்"தான் நான் கேட்ட கடைசி.

அவரை ஆம்புலன்ஸில்தான் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள். பெட்டிக்குக் கீழே போய் டீசல் படுத்துக்கொண்டது. துக்கத்துக்கு வந்த யாரோ ஒரு அம்மாள், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நாய் வேண்டுதல நிறுத்துச்சு... இவுரு போயிட்டாரு."

எனக்குக் கேட்டது அக்காவுக்கும் கேட்டது. அழுது வற்றிய குரலில், யாரையும் பார்க்காமல் சொன்னார். "அவருதான் நிறுத்தச் சொன்னாரு."

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். முடியுமா? கல்லறைத் திருநாள் கழிந்து ஒரு சாயங்காலம், டீசலுக்கு சோறு பிசைந்துகொண்டே அக்கா கேட்டார். "தம்பி... அது அப்பிடியே இழுத்துக்கினே இருந்திருந்தா..."

கேள்வியை அவர் முடிக்கவில்லை. என்ன சொல்வது? பையைப் பற்றி டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதா? அது அவருக்கும் மனப்பாடம். மூளைக்குத் தெரிந்தது நெஞ்சுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை.

இந்த நிலையில்தான் டீசல் மறுபடி தேய்க்க ஆரம்பித்தது. அந்தக் காட்சியைத்தான் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

செல்வியும் வாசலுக்கு வந்துவிட்டாள். "எக்கா, அண்ணன நெனச்சிக்கினுதான் சுத்துதோ இன்னாவோ..."

அக்கா சிமென்ட் தரையில் நின்றார். மாதாவைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் மனசு எதைப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. போனவர் பெயரால் ஒரு ஜீவன் இன்னும் சுற்றி வருகிறது என்று நம்புவது எவ்வளவு பெரிய ஆறுதல்!

"அண்ணனும் இல்ல, வேண்டுதலும் இல்ல செல்வி" என்றார். "அதுக்கு வலிக்குது."

பிறகு அந்தப் பையன்கள் பக்கம் திரும்பினார். "ஏம்பா, அந்த போன உள்ள வெச்சிட்டு, ரோட்டுல ஒரு ஆட்டோ போவுதான்னு பாரு."

பைக் பறந்தது. ஆட்டோவோடு திரும்பி வந்தது. டீசலைத் தூக்கி ஏற்றியதும் அவர்களேதான்.

டீசல் உட்காராமல், அக்காவின் மடியில் முன்னங்காலை ஊன்றி நின்றுகொண்டது. ஆட்டோ கெபியைத் தாண்டியது. அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.