உதைக்காத கோல்கீப்பர்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் அலுவலகக் கால்பந்து அணி நூதனமாக ஆடுகிறது என்று பெயர் வாங்கியது. நூதனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எங்கள் கோல்கீப்பருக்கு முழங்கால் போய்விட்டது, அவ்வளவுதான்.

மந்தைவெளிக்காரன், புதிதாகக் கல்யாணம் ஆனவன். நன்றாக ஆடுகிறான் என்று தற்காலிக வேலை கொடுத்திருந்தார்கள். சீசன் முடிந்ததும் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அந்த நேரம் பார்த்துக் குளத்துப் படியில் வழுக்கி விழுந்தான். பாய்வான், பிடிப்பான், பந்தை ஓங்கி உதைத்தால் மட்டும் உயிர் போகும். மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போச்சு.

அதுவரை எங்கள் ஆட்டம் சுலபம். கீப்பர் மைதானத்தின் பாதிக்கு மேல் உதைப்பான், சென்டர் ஃபார்வர்ட் வாங்கிக் கோல் போடுவான். இப்போது கீப்பர் பந்தைக் கையால் பக்கத்தில் நிற்கும் பேக்குக்கு உருட்டுவான், அவன் நடுவில் ஹாஃப் ஆடும் எனக்குத் தருவான், நெருக்கினால் நான் திரும்பக் கீப்பர் கைக்கே அனுப்புவேன். அன்றைய விதியில் அதற்கு இடமிருந்தது. எதிரிகள் பந்தைத் துரத்தி முன்னே வர வர, அவர்கள் முதுகுக்குப் பின்னால் இடம் காலியானது. அதில் புகுந்து ஜெயித்தோம். எனக்கே நம்ப முடியவில்லை.

அலுவலகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி மயிலாப்பூர் மாட வீதி மனிதர். "என்ன ஓய், பந்தை உதைக்காம உருட்டிண்டே இருக்கேள்?" என்றார்.

"வெளிநாட்டுலல்லாம் இப்போ இப்படித்தான் ஆடறா சார்," என்று கூசாமல் புளுகினேன்.

சென்டர் ஃபார்வர்டுக்குத்தான் எரிச்சல். ராயப்பேட்டைக்காரன், வாய் நீளம். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் சமயம் வேறு. "இன்னா நைனா, நான் அங்க காக்கா ஓட்டிக்கினு நிக்கணுமா? அவனுக்கு வேலை வேணும்னா என் பொழப்புல மண்ணா?" என்று கீப்பர் காதில் விழும்படியே கத்துவான். ஓங்கி ஒன்று விடலாமா என்றிருக்கும். ஆனால் அவன் பக்கமும் நியாயம் இருந்தது.

கடைசி ஆட்டத்துக்கு அதிகாரி வந்திருந்தார். ஆள் பொறுக்குகிறவர்களும் வந்திருந்தார்கள். எதிரணியினர் விவரமானவர்கள். கீப்பர் உதைப்பதே இல்லை என்று கவனித்து வைத்திருந்தார்கள். பந்து அவன் கைக்குப் போனதும் அவனை விட்டுவிட்டு எங்கள் ஒவ்வொருவர் மேலும் ஒட்டிக்கொண்டார்கள். அன்றைய விதிப்படி, பந்தோடு அவன் நாலு எட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. யாருக்குப் போடுவான்?

"உதைடா!" என்று கூட்டம் கத்தியது. அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். கீப்பர் வலது காலைப் பின்னுக்கு இழுத்தான்.

"டேய்! இங்க போடு!"

எதிரி கோல் பக்கம் நிற்க வேண்டிய சென்டர் ஃபார்வர்ட், எங்கள் பெனால்டி பாக்ஸ் ஓரத்தில் நின்றான். அவனைக் காக்கும் ஆளுக்கு இத்தனை தூரம் கூடவே வரத் தோன்றவில்லை. கீப்பர் எறிந்தான். இவன் வாங்கினான்; என்னை ஒட்டி நின்றவன் இவன்மேல் பாய, பந்தை எனக்குத் தட்டினான். முன்னால் பாதி மைதானம் ஆளில்லாமல் கிடந்தது. நான் ஓரத்தில் ஓடிய விங்கருக்கு அனுப்ப, அவன் கோல் போட்டான்.

அதற்குப் பிறகு கீப்பர் கையில் பந்து வரும்போதெல்லாம் சென்டர் ஃபார்வர்ட் எங்கள் பாக்ஸுக்கே ஓடி வந்தான். ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. ஜெயித்தோம். ஆள் பொறுக்க வந்தவர்கள் விங்கரின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

உடை மாற்றும் இடத்தில் கீப்பர் முழங்கால் கவசத்தைக் கழற்றி, அதற்குள் மறைத்திருந்த கட்டோடு உட்கார்ந்திருந்தான். வாசலில் அதிகாரியின் குரல் கேட்டது. சென்டர் ஃபார்வர்ட் விறுவிறுவென்று அந்தக் கட்டை அவிழ்த்துத் தன் காலில் சுற்றிக்கொண்டு, கீப்பரின் வீங்கிய முழங்கால் மேல் ஒரு துண்டைப் போட்டான்.

"உமக்கு அடியா? அதான் கோல் பக்கமே போகலையா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

அவர் கீப்பர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வந்து பெர்மனன்ட் ஆர்டரை வாங்கிக்கோங்கோ."

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், அதிகாரியின் கார் எங்களைத் தாண்டிப் போகும்வரை, சென்டர் ஃபார்வர்ட் நொண்டிக்கொண்டே நடந்தான்.