துணி குடோனில் ஒரு பேட்டி

சாயப்பட்டறையிலிருந்து சூடு ஆறாமல் வந்திறங்கும் துணியின் வாசனை தெரியுமா... மூக்கில் ஏறினால் நாளெல்லாம் இறங்காது. என் முதல் ஸ்டுடியோவின் வாசனை அதுதான்.

பத்திரிகை வேலையை விட்டுவிட்டு பாட்காஸ்ட் ஆரம்பித்த புதிது. ஸ்டுடியோவுக்கு வழியில்லை. மண்ணரைப் பக்கம் மச்சான் நடத்தும் பனியன் கம்பெனியின் துணி குடோனில் உட்கார்ந்துகொண்டேன். நாலு பக்கமும் கூரை வரை துணி ரோல்கள். பக்கத்தில் தையல் மெஷின்கள் ஓடினாலும் உள்ளே மூச்சு விட்டால்கூடக் கேட்கும்.

என் எபிசோடுகளைக் கேட்டதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். அவர்களும் பாதியில் விட்டவர்கள்.

"இதும் ஓடலீன்னா பேசாம பழைய எடிட்டருக்குப் போன் போட்டுருங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

நான் ராஜினாமா செய்தபோது பேசிய பேச்சுக்கு, அந்தப் போனைப் போடுவதைவிடச் சும்மா இருக்கலாம்.

அதனால் பெரிய ஆளாகப் பிடித்தேன். சாயப்பட்டறை முதலாளி கந்தசாமி அய்யா. நிருபராக இருந்தபோது எத்தனை அலைந்தும் வாய் திறக்காதவர். என்ன தோன்றியதோ, "வாரேனுங்க" என்றார்.

வந்தார். மைக்கைப் பார்த்தார். விறைத்துப்போனார்.

"தொழிலுக்கு எப்படிங்க வந்தீங்க?"

"வந்தமுங்க."

"கஷ்டமெல்லாம்?"

"இருந்துச்சுங்க."

கேள்வித் தாளில் அடுத்ததைத் தேடினேன்.

அப்போது கட்டிங் மாஸ்டர் சலீம் பாய் உள்ளே வந்தார். ஷிப்மென்ட் அவசரம். சத்தம் போடக்கூடாது என்று மச்சான் சொல்லியிருந்ததால் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்து, ஒரு ரோலைத் தூக்கிப் போனார். பிறகு இன்னொன்று. என் ஸ்டுடியோவின் சுவர் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. நான் கேட்ட கேள்வி எனக்கே எதிரொலித்துத் திரும்பி வந்தது.

அய்யாவின் கண் என் மேல் இல்லை. ரோல் மேல்.

"நில்லுங்க மாஸ்டர். அதும் இதும் ஒரே லாட்டுல சாயம் போட்டதுங்களா?"

"ஆமாங்கய்யா."

"இல்லீங்க. வெளிச்சத்துக்குக் கொண்டாங்க. ரெண்டையும் சேத்து வெட்டுனீங்கன்னா கை ஒரு கலரு, ஒடம்பு ஒரு கலருன்னு வரும். சரக்கு வாங்குற பையர் அப்படியே திருப்பி வுட்டுருவான்."

வாசலில் வைத்துப் பார்த்தால் ஒன்று கொஞ்சம் மங்கல். சலீம் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அய்யா திரும்பி வந்து உட்கார்ந்தார். வாய் மட்டும் நிற்கவில்லை. முதன்முதலாகப் போட்ட சாயம் திட்டுத்திட்டாக வந்தது, திரும்பி வந்த சரக்கை ஊருக்கே ஜட்டியாகத் தைத்துக் கொடுத்தது, அந்த வருஷம் தம்பி கல்யாணம் நின்றுபோனது... சொல்லும்போது ஒருதரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மைக் அதுபாட்டுக்கு ஓடியது.

கடைசியில் குடோன் காலி. அய்யா மணியைப் பார்த்தார்.

"சரிங்க, பேட்டிய எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

"முடிஞ்சுதுங்கய்யா. இதையே போட்டுக்கட்டுங்களா?"

"ஒண்ணுமே சொல்லலியேங்க... செரி, போடுங்க."

கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருந்த அந்த எபிசோடைத்தான் கம்பெனி கம்பெனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எடிட்டருக்கு நான் போன் போடவில்லை.

இப்போது ஏசி ஸ்டுடியோ இருக்கிறது. விருந்தினர்கள் கேள்விகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு வார்த்தைகூடத் தடுக்குவதில்லை. போகும்போது "எப்படிங்க பேசுனேன்?" என்று கேட்கிறார்கள்.

"அருமைங்க" என்கிறேன்.

எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று யாராவது ஒருத்தர் கேட்கமாட்டாரா என்று இருக்கிறது.