அவரைக்கொட்டையில் ஆஃப்சைடு

"படிச்சு என்ன பண்ணப் போறா? அண்ணனோட பந்துக்குக் காத்தடிக்கவா?"

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய செய்தியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா இப்படிக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை.

அண்ணன் பெங்களூரில் ஒரு மில்லுக்காகக் கால்பந்து ஆடினான். பெயர் நெசவுப் பிரிவில் இருந்தது; வேலை மைதானத்தில். அவன் பேக், அதாவது தடுப்பாட்டக்காரன். கோலுக்கு முன்னால் நின்று வருகிறவனை மடக்க வேண்டும். உத்தனப்பள்ளியில் எங்கள் கேழ்வரகுக் கொல்லையில் மாடு புகாமல் மறித்துப் பழகிய கால்கள் அவை. "மாட்டுப் பின்னால ஓடினா சிக்காது. அது போற எடத்துக்கு நீ முன்னாடி போய் நிக்கணும்" என்பான். எட்டு வருடம் அப்படி நின்றான். பிறகு முழங்கால் போயிற்று.

மில்லில் பயிற்சியாளர் வேலை ஒன்று காலியானது. அது கிடைக்காவிட்டால் அவனுக்குப் பந்தாட்டமே இல்லை. ஆனால் விளையாட்டுச் செயலாளர் விதிகளைக் கேட்டுத்தான் ஆளை எடுப்பாராம். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அண்ணனுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புத்தகத்தோடு என் முன்னால் வந்து சம்மணம் போட்டான். "டீச்சரம்மா, ஆரம்பிங்க."

தரையில் கரியால் மைதானம் வரைந்தேன். அம்மா குழம்புக்கு வைத்திருந்த அவரைக்கொட்டைகள்தான் ஆட்டக்காரர்கள். ஆஃப்சைடு விதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பந்தை உதைக்கறப்ப, முன்னால நிக்கற நம்ம ஆளுக்கும் அவங்க கோலுக்கும் நடுவுல எதிராளிங்க ரெண்டு பேர் இருக்கணும், இல்லேன்னா தப்பாட்டம். கீப்பர் போக ரெண்டு பேர்."

"கீப்பரையும் சேர்த்துத்தான்."

"புத்தகம் படிக்கறது நானா நீயாண்ணா?"

"அப்ப இத்தனை வருசமா ஆஃப்சைடுன்னு நான் தப்பாவா கை தூக்கினேன்? ரெஃப்ரி எனக்குப் பயந்துக்கிட்டா ஊதினாரு?"

அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "உங்க கீப்பரை வெச்சுக்கிட்டு மத்தவங்களைக் குடுங்க. குழம்பு கொதிக்குது!"

மறுபடி படித்தேன். 'எதிராளிகள் இருவர்' என்று மட்டுமே இருந்தது. 'கீப்பர் போக' என்பது நானாகச் சேர்த்தது. கீப்பரும் எதிராளிதானே! எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதன் பிறகு நான் படித்தேன், அவன் திருத்தினான்.

அடுத்த வாரம் துணைக்கு நானும் பெங்களூர் பஸ் ஏறினேன். செயலாளர் தமிழிலேயே கேட்டார். "ஆஃப்சைடு சொல்லு."

 அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டு, ஒரு பிடி அவரைக்கொட்டையை அவர் மேசைமேல் பரப்பினான்.

"என்னப்பா, சமையலா?"

"இல்லீங்க சார். இது கீப்பர்."

அவர் ஒரு கொட்டையை நகர்த்தினார். "இப்போ?"

"ஆஃப்சைடுங்க."

இன்னொன்றை நகர்த்தினார். "இப்போ?"

"இல்லீங்க. கீப்பரோட சேர்ந்து ரெண்டு பேர் இருக்காங்களே." என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

செயலாளர் இன்னும் சற்று நேரம் தனியாகவே ஆடிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "திங்கட்கிழமை மைதானத்துக்கு வந்துடு. கொட்டை இங்கியே இருக்கட்டும்."

அண்ணன் இப்போது இருபது பேருக்குத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாடு மறிக்கக் கற்றுத் தருகிறான். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியை. போன வாரம் பழைய பந்து ஒன்றை அனுப்பிவைத்தான். இன்று காலை மாமாவிடமே சைக்கிள் பம்பை இரவல் வாங்கி, அவர் பார்க்கவே காற்றடித்தேன். ஐந்தாம் வகுப்புப் பெண்களிடம், மாடு மறிக்கத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டேன். ஏழு கைகள் உயர்ந்தன. அவர்களில் பாவாடையை முதலில் இழுத்துச் செருகியவளைக் கோலுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.