சாவு வீட்டுச் சீனி

சாவு வீட்டில் தரும் சீனி கணக்கில் சேராது என்பது அப்பாவின் வாதம். பின்னாளில் பட்டிமன்ற மேடைகளில் எத்தனையோ பேருடைய வாதங்களை நான் எழுந்து நின்று முறித்திருக்கிறேன். ஆனால் பொகவந்தலாவை மலைச்சரிவில், பத்து வயதில், நனைந்த பாடசாலைச் சீருடையோடு நின்று கேட்ட அந்த ஒரு வாதத்துக்கு மட்டும் என் வாயில் பதில் இருக்கவில்லை.

அப்பா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவர். வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியைக் கத்தியால் சீவி மொட்டையாக்கும் வேலை அது. அப்படிச் சீவி விட்ட கட்டை ஒன்று ஒருநாள் அவர் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியது. கொஞ்சமும் வலிக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். வலிக்காமற் போனதுதான் வியாதி என்பதை, புண் பல வாரங்களாகியும் ஆறாத பிறகு, டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சீனி வருத்தம் என்னும் நீரிழிவு முற்றியிருந்தது. வாயைக் கட்டாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார் டொக்டர். மருந்து கட்டிய நர்ஸ் மிஸ், “சீனி எப்பா” என்று சிங்களத்தில் விரலை ஆட்டினார். சீனி வேண்டாம் என்ற அந்த இரண்டு சொற்களை நான் அன்றே மனனம் செய்துகொண்டேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரும் சீனியைத் தேத்தண்ணியில் கரைப்பதில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. அப்பாவின் உள்ளங்கையில் அது ஒரு குன்று போல நிற்கும். விடியலில் அந்தக் குன்றையும் ஒரு கோப்பைச் சாயத் தேத்தண்ணியையும் வயிற்றில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாரென்றால், உச்சிப்பொழுது வரை வேறொன்றும் உள்ளே போகாது. மலையிலிருந்து இறங்கி வந்ததும் அவர் முதலில் தேடுவது சோற்றை அல்ல, மறுபடியும் சீனிப் போத்தலை.

அதைக் காக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். போத்தலை என் புத்தகப் பைக்குப் பின்னால் மறைத்து வைத்து, சீனியின் கேடுகளைப் பற்றி நாள்தோறும் அப்பாவுக்குச் சொற்பொழிவு ஆற்றினேன். பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு அது நல்ல பயிற்சியாகவும் இருந்தது. அப்பா கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கைதட்டலாமா பாப்பா?” என்பார்.

அம்மா சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. கொழுந்து பறிக்கப் போகுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பருப்புக் கறி வைத்து, அப்பா அதைத் தின்று முடித்த பிறகுதான் தேத்தண்ணியைக் கையில் கொடுப்பார். முன்பு தேத்தண்ணிதான் முதலில் வரும். இரவே ஊறப்போட்டு அவித்த கடலையைத் துணியில் முடிந்து, பத்து மணிக்குத் தின்னச் சொல்லி அப்பாவின் சட்டைப் பையில் திணிப்பார். சாயங்காலம் அவர் வரும்போது கீரையும் சோறும் தயாராக இருக்கும். உள்ளங்கையில் விழும் சீனியை அவர் அறியாத அளவுக்குக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தார். குன்று மேடாகி, மேடு ஒரு சிட்டிகையாகி, ஒருநாள் அப்பா வெறுந் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கையை நீட்ட மறந்து எழுந்து போனார். புண்ணும் ஓரத்தில் சுருங்கத் தொடங்கியிருந்தது. என் சொற்பொழிவு வென்றுவிட்டது என்றே நான் நம்பினேன். வாசலில் நின்று அம்மா தினமும் சொன்ன ஒரே வாக்கியம், “பசியோட கெடக்காதீங்க” என்பது. அதை வழியனுப்பும் அன்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. அதோடு சாவும் வந்தது. மேட்டு லயத்தில் ஒரு பெரியவர் போனார். தோட்டத்தில் குழி வெட்டுவது எங்கள் லயத்து ஆண்கள் பொறுப்பு. அதிலும் அப்பா வெட்டினால் குழியின் சுவர் சரியாமல் நிற்கும் என்று பெயர்.

“புண்ணுக் காலோட சேத்துல நிக்கப் போறீங்களா?” என்றார் அம்மா.

“செத்தவன நாம தூக்காம வுட்டா, நாளைக்கு நம்மள யாரு தூக்குவா?” என்றார் அப்பா.

அம்மா கடலை முடிச்சை அவர் சட்டைப் பையில் வைத்தார். பாடசாலை விட்டு வந்த என்னை, “நீ போயி அப்பா பக்கத்துலயே இரு” என்று அனுப்பினார். சீனியைத் தடுக்கத்தான் என்னை அனுப்புகிறார் என்று நிமிர்ந்து நடந்தேன்.

கொழும்பில் வேலை செய்த மகன் வந்து சேரவில்லை. பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. அவர் வரும் வரை பிணத்தை எடுக்க முடியாது. பிணம் கிடக்கையில் அந்த லயத்தில் அடுப்பில் சோறு ஏறாது; வந்திருப்பவர்களும் எதையும் மெல்லக் கூடாது. தேத்தண்ணி மட்டும் ஓயாமல் வரும். குழியை வெட்டிவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு, அப்பா காலையிலிருந்து வெறும் வயிற்றில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சுவரோரமாக அழைத்துப் போய், கடலை முடிச்சை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

“பெரியாளுங்க இங்கன திங்கக் கூடாது. நீ சின்னப்புள்ள, தின்னு. இஸ்கூல் விட்டு வந்த வயிறு.”

நான் தின்றேன். நல்ல உப்பும் காய்ந்த மிளகாயும் போட்டு அம்மா தாளித்திருந்தார்.

அப்போது தேத்தண்ணித் தட்டு வந்தது. கூட வந்த பெண் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் கரண்டியால் சீனி வைத்துக்கொண்டே வந்தாள். அப்பா கையை விரித்தார். நான் பாய்ந்து போய், “சீனி எப்பா!” என்று கத்தினேன்.

கூடியிருந்தவர்கள், சாவு வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டார்கள். “மச்சான், ஒங்க வக்கீலம்மா வந்துட்டாங்க, பதில் சொல்லுங்க” என்றார் பக்கத்திலிருந்த என் மாமா.

அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாப்பா, வூட்டுச் சீனி வேற, சாவு வூட்டுச் சீனி வேற. அழுதுக்கிட்டு இருக்கிறவங்க கையால குடுக்கிறது இது. வேணாம்னா, ஒங்க துக்கம் எனக்கு வேணாம்னு சொன்ன மாதிரி. இது கணக்குல சேராது.”

“சரியாச் சொன்னீங்க மச்சான்” என்று மாமா தலையாட்டினார். மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். வாய் நிறையக் கடலை இருந்தது.

அன்று அந்தத் தட்டு எத்தனை முறை வந்ததோ, அத்தனை முறையும் அப்பாவின் கை விரிந்தது. மறுநாளும் அப்படியே. அந்த மழை முடிவதற்குள் அடுத்தடுத்து வேறு சாவுகளும் விழுந்தன. அப்பா எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகப் போனார். மண்வெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்த நாட்களில், அம்மா போட்டு வைத்த சோற்றைத் தள்ளிவிட்டுச் சீனி கேட்டார். உள்ளங்கையில் சிட்டிகை மேடாகி, மேடு மறுபடியும் குன்றாகியது. நான் மறைத்து வைத்த இடத்திலிருந்து போத்தலை அவரே எடுத்துக்கொண்டார். சுருங்கிவந்த புண் கறுத்து, நாற்றம் எடுத்தது. அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவரை வேனில் கொண்டுவந்து இறக்கிய அன்று லயமே எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்து நின்றது. சாவு வீட்டில் நிற்பதைப் போலவே நின்றார்கள். யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றினார். வந்தவர்கள் உள்ளங்கையில் வழக்கம்போலச் சீனி வைத்துக்கொண்டே வந்தார். கட்டிலில் கிடந்த அப்பாவும் கையை நீட்டினார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த அவித்த கடலையை எடுத்து, அந்த உள்ளங்கை நிறைய வைத்து, அதை மூடித் தம் கையால் பிடித்துக்கொண்டார்.

“இத மொதல்ல தின்னுங்க” என்றார். “அன்னிக்கு அந்தச் சாவு வூட்டுல இத தின்னிருந்தா போதுமேங்க.”

அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து மென்றார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அம்மா மிளகாயை அதிகம் போட்டுவிட்டார் என்று எண்ணி, நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.