பளிங்கு என்றால் எது?

ஞாயிறு காலை எங்கள் ஆய்வுகூட வாகனச் சாரதி தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், நம்ம ராணி போயிட்டாங்க." எங்கே போய்விட்டாள் என்று கேட்டேன். ஐந்து மாதமாக நோயில் கிடந்தவளைப் பற்றி அப்படியொரு கேள்வி! பாவம், "வீட்டுக்கு வாங்க மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

மாத்தளையில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்குச் செல்வராணியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லையும் கொங்கிரீட்டையும் வெட்டி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை தேய்த்து நுணுக்குக்காட்டிக்குத் தருவதே அவள் வேலை. தலைமயிரைவிட மெல்லிசாக வர வேண்டும். தேய்ப்பு கொஞ்சம் கூடினால் கண்ணாடி மட்டும்தான் மிஞ்சும். "சோத்துக்கும் கல்லுக்கும் பதம் ஒண்ணுதான் மிஸ், பக்கத்துலயே நிக்கணும்" என்பாள். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த பொறியியலாளர், அறிக்கையில் கையெழுத்துப் போடுபவள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவளுக்கு அது வேடிக்கை.

யட்டவத்தப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றின் தூணில் விரிசல் விட்டது. பெற்றோர் சிரமதானத்தில் எழுப்பிய கட்டடம். தூணின் உள்ளேயும் வெடித்திருந்தால் இழுத்து மூடத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு அடுத்த பாடசாலை மலைக்கு அந்தப் பக்கம். தூணில் இருந்து எடுத்த தீப்பெட்டியளவு துண்டு ஒன்றுதான் வந்தது. இன்னொரு துளை போடப் பாடசாலை அதிபர் விடவில்லை.

ராணி அதை நீலப் பசையில் ஊறவைத்து இறுக்கினாள். உள்ளே விரிசல் இருந்தால் நீலக் கோடாகத் தெரியும். பாதிக்கு மேல் தேய்த்தவள், கிளினிக் போகும் அவசரத்தில் என்னிடம் தந்தாள். "அப்பப்ப நுணுக்குக்காட்டில பாருங்க. பளிங்கு சாம்பல் நெறத்துக்கு வந்ததும் நிறுத்திருங்க மிஸ்."

எங்கள் வீட்டில் பளிங்கு என்றால் மாபிள். அந்தக் கொங்கிரீட்டில் போட்டிருந்ததும் மாத்தளை மாபிளை உடைத்த கல். அதையே பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். மாபிள் அந்த மெல்லிசில் சாம்பல் ஆகவே ஆகாது என்று எனக்கு எங்கே தெரியும்? அவள் சொன்ன பளிங்கு, மணலில் மினுங்கும் குவார்ட்ஸ். அது சாம்பலாகி, கறுத்து, காணாமலே போய்விட்டது. கடைசியில் மாபிளும் போனது.

திரும்பி வந்தவள் வெறுங்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். நானாக இருந்தால் கூரை பறந்திருக்கும். அவள் கேட்டது ஒரேயொரு கேள்வி. "பளிங்குன்னா என்னான்னு வெளங்கிக்கிட்டீங்க, மிஸ்?"

சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட கடவுளே! தப்பு ஒங்க மேலயும் இல்ல, எம் மேலயும் இல்ல. ரெண்டு பேரும் தமிழ் பேசுனோம், அவ்வளவுதான்!"

வெட்டியதில் பெருவிரல் நகமளவு மிச்சம் இருந்தது. இனி என்னைக் கிட்டவே விடமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு தேய்ப்புக்கும் என்னையே பார்க்கச் சொன்னாள். மணல் மணிகள் மஞ்சளில் இருந்து சாம்பலுக்கு வந்தன. நீலக் கோடு எங்கும் இல்லை. விரிசல் மேல்பூச்சோடு நின்றிருந்தது. பாடசாலை தப்பியது.

நான் கையெழுத்து வைத்த பிறகுதான் சொன்னாள். "எம் மகளும் அந்த பில்டிங்லதான் படிக்கிறா மிஸ்."

ஆடிப்போனேன். "ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா ஒங்க கை நடுங்கும். கல்லுக்குத் தெரியுமா அவ எம் மகள்னு?"

செத்தவீட்டில் அந்தப் பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்றார்கள். அவர்களைப் பார்த்து அழுதேன். அதில் சந்தோஷமும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

ராணியிடம் இருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். யாராவது வேலையைக் கெடுத்துவிட்டு என் முன்னால் நின்றால், "என்னெண்டு விளங்கினனீங்கள்?" என்று முதலில் கேட்கிறேன். பிறகு திட்டலாம் என்றுதான் நினைப்பு. பதிலைக் கேட்டபின் பெரும்பாலும் வாய் வருவதில்லை.