விளக்கு வைத்த பிறகு கேட்ட உறைமோர்

மழையில் நனைந்த தேக்குப் பலகையின் வாசம்...

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு மரக்கடையைத் தாண்டும்போது அது மூக்கில் ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன். கூட வந்த மச்சினன், "என்னத்தான், நடு ரோட்டுல நிக்கிய?" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? நான் நின்றது ராஜபாளையத்தில் இல்லை, ரங்கூனில்.

நான் ரங்கூனில் இருந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே ஒரு வீடு பிடிக்க நாய் படாத பாடு பட்டது தெரியாது.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். மனைவி மாரியம்மாள் ராஜபாளையத்துக்காரி. ரங்கூனில் நம் பக்கத்து ராவுத்தர் ஒருவரின் ஜவுளிக்கடையில் எனக்குக் கணக்கு வேலை. கடை மாடியில் ஆண்பிள்ளைகள் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். கல்யாணமாகி, மகள் ஆண்டாள் பிறந்த பிறகு, "நானும் வாரேன்" என்று ஒரே பிடியாக நின்றாள் மாரி. கைக்குழந்தையோடு ஸ்டீமரும் ஏறியாயிற்று. ஏறின பிறகுதான் எனக்கு உறைத்தது... இவர்களை எங்கே தங்க வைப்பது?

ராவுத்தர் நல்ல மனுஷர். துணி மூட்டைகளை ஒதுக்கி, குடோனில் இடம் கொடுத்தார். கொடுத்த கையோடு கெடுவும் வைத்தார்.

"அடுத்த கப்பல்ல சரக்கு வருது தம்பி. அதுக்குள்ள ஒரு வீட்டைப் பாத்துக்கிடும். கிடைக்கலைன்னா புள்ளையையும் தாயையும் அதே கப்பல்ல ஊருக்கு அனுப்பிரும். பொம்பளைப் புள்ளை குடோன்ல கிடக்கான்னு நெனைச்சா எனக்கே தூக்கம் வர மாட்டேங்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர்களை அனுப்பிவிட்டால் மறுபடி எப்போது பார்ப்பேன்? குழந்தை அப்போதுதான் என் முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தது.

வேலை முடிந்ததும் தரகர் பின்னால் நடப்பேன். மாரியும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். வாடகை கட்டுப்படியான வீட்டுக்குக் கீழே சாராயக்கடை. கல் கட்டடம், வாசலில் காவல் என்று போனால் என் சம்பளம் மொத்தமும் வாடகைக்கே சரி. இன்னொரு வீட்டுப் படிக்கட்டில் அபின் மயக்கத்தில் ஆட்கள் கிடந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். தரகர் என்னவோ, "சாதுங்க, ஒண்ணும் பண்ண மாட்டானுக" என்றார்.

மாரிக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் அறையைப் பார்க்க மாட்டாள். பக்கத்து வீட்டுக் கதவைத்தான் பார்ப்பாள்.

"ஏட்டி, குடியிருக்கப் போறது இந்த வீட்டுலயா, அந்த வீட்டுலயா?" என்று கேட்டே விட்டேன்.

"நீங்க காலையில போனா ராத்திரிதான் வருவிய. நான் ஒரு சத்தம் போட்டா யாரு வருவான்னு பாக்க வேண்டாமா?"

கப்பல் மறுநாள் வருகிறது என்று துறைமுகத்தில் பேச்சு. அன்று சாயங்காலம் கடைசியாக ஒரு வீடு. மரவீடு, மாடியில் இரண்டே குடித்தனம், அதில் ஒன்று காலி. மழை பெய்து ஓய்ந்திருந்தது, தேக்குப் பலகை வாசம் கும்மென்று அடித்தது. வாடகையும் தாங்கும். பூட்டுதான் ஆட்டம் கண்டிருந்தது.

மாரி கையில் குழந்தைக்கு வாங்கிய பால் செம்பு இருந்தது. அதையே சாக்காக வைத்துப் பக்கத்துக் கதவைத் தட்டி, உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் கேட்டாள். உள்ளே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வந்து நின்ற அம்மாள் மாரியை மேலும் கீழும் பார்த்தாள். தெலுங்கில் ஏதோ வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஒரு கரண்டி மோர் குடுக்க மனசில்ல. நாளைக்கு ஒரு ஆபத்துன்னா இவளா வருவா? வா, போவோம்" என்று படி இறங்கினேன். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. நாளைக்குக் கப்பலேற்றிவிட வேண்டியதுதான்...

திரும்பிப் பார்த்தால் மாரி அங்கேயே நின்று சிரிக்கிறாள்.

"எனக்குத்தான் புத்தி எங்க போச்சோ. வெளக்கு வச்ச பொறவு போயி உறைமோர் கேட்டேன் பாருங்க! அவிய அதைத்தான் சொன்னாவ... 'தீபம் பெட்டாக சல்ல இவ்வமு', வெளக்கு வச்ச பொறவு மோர் குடுக்க மாட்டோம்னு. ராஜபாளையத்துல எங்க தெருவுல தெலுங்கு பேசுற ராஜுக்கமாரு வீட்டுலயும் இதையேதான் சொல்லுவாவ. வீட்டு லட்சுமி வெளிய போயிருவாளாம்."

"அதுக்கு?"

"கடல் தாண்டி வந்தும் முறையை விடாத பொம்பளை. எனக்கு இந்த வீடு போதும்."

எனக்கு அரைமனசுதான். ஆனால் வேறு வழியும் இல்லை. அன்றைக்கே முன்பணம் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மூட்டை முடிச்சோடு மாடி ஏறினால், வாசலில் ஒரு சின்னக் கிண்ணம். உள்ளே மோர். கிண்ணத்தின் பக்கத்தில் அந்த அம்மாள், சுப்பம்மா. மாரி தெலுங்கில் வாயைத் திறந்ததுதான் தாமதம், குழந்தை சுப்பம்மா இடுப்புக்குப் போய்விட்டது. நான் யாரோ மூன்றாம் மனுஷன் மாதிரி மூட்டையோடு நின்றேன்.

சில மாதம் கழித்து, நான் கடையில் இருந்த நேரம், குடித்துவிட்டு இரண்டு பேர் மாடி ஏறி எங்கள் கதவை இடித்திருக்கிறார்கள். மாரி போட்ட ஒரு சத்தத்துக்கு சுப்பம்மா உலக்கையோடு வெளியே வந்து, தெருவே கூடும்படி கத்தியிருக்கிறாள். நான் வரும்போது இரண்டு பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டைப் பூட்டை நான் கடைசி வரை மாற்றவே இல்லை.

நாங்கள் ஊர் திரும்பி எத்தனையோ வருஷமாயிற்று. சுப்பம்மா இருக்கிறாளோ, இல்லையோ. இப்போது ஆண்டாளும் புருஷனோடும் மகளோடும் அதே ரங்கூனில்தான் இருக்கிறாள். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தபோது அவளுக்கு வீட்டுப் பெருமை பேசி மாளவில்லை. கல் வீடாம், இரும்புக் கேட்டாம், எலெக்ட்ரிக் லைட்டாம், ராத்திரி பகல் காவலாம். கேட்க எனக்கும் சந்தோஷம்தான்.

மாரி ஒன்றே ஒன்று கேட்டாள். "பக்கத்து வீட்டுல யாருட்டி?"

"தெரியாதும்மா. கதவு எப்பவும் சாத்தித்தான் கிடக்கும்."

"உறைமோருக்கு என்ன செய்வ?"

"பால்காரனே தயிர் கொண்டாந்துருவான்."

மாரி பேத்தியின் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ரங்கூனுக்குப் போனதும் பக்கத்து வீட்டுல போயி உறைமோர் கேளுட்டி. வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி போயி கேளு."