பாஸ்வேர்டு கத்திரிக்காய்

“ஏண்டி, உனக்கு வேற வேலை இல்ல? துபாய்ல இத்தனை கட்டடம் நிமிந்து நிக்குது. அதையெல்லாம் விட்டுட்டு என் தாடையில இருக்குற தழும்புதான் உன் கண்ணுல படுதா? தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?” என்று பேத்தியை விரட்டினேன். அவள் போகவில்லை. போகமாட்டாள் என்று தெரிந்துதான் விரட்டினேன்.

அந்தத் தழும்பு எனக்குச் சின்ன வயதில், துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில், ஒரு கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, அங்கே ஒரு சிமெண்ட் கம்பெனிக்கு வாட்ச்மேனாக வந்திருந்தார். பின்னாலேயே மலையை உடைக்கும் குவாரி. சாயங்காலம் வேட்டு வைப்பார்கள். எங்களுக்கு அது ஜன்னல் கண்ணாடி அதிரும் சத்தம், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது எல்லையில் கேட்ட குண்டுச் சத்தம். அதை நிறுத்த அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து பட்டாளத்தில் பழகியது. அங்கேயாவது ஊற்றிக் கொடுத்துப் போதும் என்று சொல்ல மேலே ஒருவர் இருந்தார். இங்கே ஊற்றுவதும் அவரே, குடிப்பதும் அவரே.

ஒருநாள் குடித்துவிட்டு வந்தவர், குண்டு விழுகிறது என்று அலறி, என்னையும் அம்மாவையும் கட்டிலுக்கு அடியில் இழுத்துத் தள்ளினார். காப்பாற்றத்தான் நினைத்தார். கட்டில் இரும்பு என் தாடையைக் கிழித்தது. அம்மாவுக்கு மணிக்கட்டு பிசகியது. கூச்சல் கம்பெனி வரை போயிற்று. இன்னொரு தடவை இப்படி நடந்தால் விசா கேன்சல், கலாஸ், குடும்பத்தோடு ஊருக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா சவூதியில் ஜுபைலில் இருந்த தன் அண்ணனை வரச் சொன்னாள். மாமா பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர், அப்பாவைவிடப் பெரிய பதவி. லீவு போட்டு வந்தவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிட்டு ஏப்பம் விட்டார். சூப்பர்வைசரைப் பிடித்து, அப்பாவின் டியூட்டியைக் குவாரிப் பக்கத்திலிருந்து முன் கேட்டுக்கு மாற்றினார். பிறகு என்னை வாசலில் நிறுத்தி, கையில் வீடு துடைக்கிற குச்சியைக் கொடுத்தார்.

“மாப்ளே, இன்னையிலேர்ந்து இது வீடு இல்ல, காவல் போஸ்ட்டு. இவதான் சென்ட்ரி. பாஸ்வேர்டு சொல்லாம யாரும் உள்ள போகக் கூடாது. நானே வந்தாலும் சரி.”

“விளையாடாதீங்க மச்சான். சின்னப் புள்ள அவ.”

“சென்ட்ரி டியூட்டில இருக்கா. மரியாதை!”

அப்பா சட்டென்று விறைப்பாக நின்றார். எனக்கு மண்டைக் கனம் தாங்கவில்லை.

பாஸ்வேர்டு, அன்றைக்குக் குழம்பில் போடும் காய். காலையிலேயே அம்மா எங்கள் இருவருக்கும் சொல்லிவிடுவாள். சாயங்காலம் அப்பா தலை தெரிந்ததும் நான் குச்சியை நீட்டி, “தம்! கோன் ஆத்தா ஹே?” என்று கத்த வேண்டும். நில், யார் வருவது என்று பட்டாளத்தில் காவலுக்கு நிற்பவர் அப்படித்தான் கேட்பாராம். என் இந்திப் படிப்பு அதோடு சரி. அப்பா “தோஸ்த்” என்று சொல்லிக் கிட்ட வந்து, குனிந்து, என் காதுக்குள் காயின் பேரைச் சொல்ல வேண்டும். தூர நின்று சொன்னால் செல்லாது, எதிரி கேட்டுவிடுவான் என்றார் மாமா. பேர் வராவிட்டால் அப்பாவுக்கு அன்று படுக்கை முன் கேட்டில் உள்ள கார்டு ரூமில். குடியைத் தொடாத பழைய பட்டாளத்துச் சேட்டன் ஒருவர் அங்கே இருந்தார்.

முருங்கைக்காய், பூசணிக்காய் என்று அப்பா ஒழுங்காக வந்துகொண்டிருந்தார். மாமாவும் ஜுபைலுக்குத் திரும்பினார். ஒரு சாயங்காலம் வேட்டுச் சத்தம் முன் கேட்டையே உலுக்கும் அளவுக்குக் கேட்டது. அப்பா வரத் தாமதமாயிற்று.

“தம்! கோன் ஆத்தா ஹே?”

“தோஸ்த்.” அப்பா விளக்குக் கம்பத்தடியிலேயே நின்றுவிட்டார்.

“கிட்ட வந்து பாஸ்வேர்டு சொல்லுங்கப்பா.”

அவர் நகரவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

“மறந்துட்டீங்களா? ஊதா கலர்ல இருக்கும்பா. தலையில பச்சைத் தொப்பி. உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமே!”

“தெரியலையே சென்ட்ரி,” என்றார், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. “நான் கார்டு ரூமுக்குப் போறேன். நீ கதவைச் சாத்திக்கோ.”

எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

கத்திரிக்காய் தெரியாத இவரை நம்பி எப்படி எல்லையில் நிறுத்தினார்கள் என்று எரிச்சலோடு உள்ளே போனேன். அம்மா கதவு மறைவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் முகம் சிரித்தது. அன்றைக்குத்தான் இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொண்டு, கட்டிலில் காலை நீட்டித் தூங்கினாள். அப்பா மறந்தால் இவளுக்கு என்ன சந்தோஷம் என்று நான் அவளிடமும் பேசவில்லை.

அப்புறமும் சில தடவை மறந்தார். பிறகு மறப்பதே நின்றுபோயிற்று. காயின் பேரோடு உப்பு, புளி, மிளகாய் எல்லாம் சேர்த்துக் காதில் ஊதி, கூச்சத்தில் நான் குச்சித் துப்பாக்கியைக் கீழே போடும்வரை விடமாட்டார். அவர் மூச்சில் அப்போது கேட்டில் குடித்த டீயின் வாசனைதான் இருக்கும்.

குடித்த வாயை என் காதருகே கொண்டுவர மனமில்லாமல்தான் அன்றைக்கு அப்பா கம்பத்தடியில் நின்றார் என்பது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் உறைத்தது. அப்போது எங்கே புரிந்தது! “உங்க வீட்டுல இப்பல்லாம் சத்தமே காணோமே, என்னடி பண்ணீங்க?” என்று பக்கத்து வீட்டு அக்கா என்னை மடக்கிக் கேட்டாள். அவள் வீட்டுக்காரரும் அதே மருந்து சாப்பிடுகிறவர்தான். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்:

“எங்கப்பாவுக்கு மறதி வியாதிக்கா. காய் பேரு கூட வராது. நான்தான் தெனம் கேட்டுக் கேட்டு சரி பண்ணிட்டேன். வேணும்னா உங்க வீட்டு மாமாவையும் அனுப்புங்க, கேட்டுப் பாக்குறேன்.”